கிடைத்ததைத் தின்னும் பவர் சப்ளை

"...வெடிச்சது போகட்டும் தம்பி, வெடிச்சா வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்கிடலாம். உள்ள இருக்க எழுத்து இருக்கா, இல்ல அதுவும் சேர்ந்து வெந்து போச்சா? அதை மட்டும் சொல்லு, நான் பஸ் ஏறிக்கிடுதேன்" என்றார் பட்டாளத்தார்.

ராஜபாளையத்தில் என் கடையின் மேசைமேல், பழைய துண்டில் பொதிந்து அவர் கொண்டுவந்த பவர் சப்ளை இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பின்பக்க மூலையில் உட்கார்ந்து, சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி, அதைச் சின்னச் சின்னதாகப் பங்கு போட்டு மற்ற பாகங்களுக்குக் கொடுக்கிற தகரப்பெட்டி அது. துண்டைப் பிரித்ததும் தீய்ந்த வாடை கடை முழுக்கப் பரவியது. எதிர் டீக்கடைக்காரர் அங்கிருந்தே, "என்னப்பா, அடுப்புல பாலை மறந்துட்டியா?" என்று கேட்டார்.

பட்டாளத்தாரை எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் சுந்தரபாண்டியம் போகிற சாலையில் வீடு. மகனும் பட்டாளத்தில்தான், எங்கோ வடக்கே. மருமகள் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். தொண்ணூறுகளின் நடுவில், ஊர் ஊருக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக் கொடுக்கிற கடைகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம், அந்தப் பெண் வீட்டின் முன்னறையில் அப்படி ஒன்று ஆரம்பித்தார். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்க வசதிப்படாதவர்களுக்கு, பாகம் பாகமாக வாங்கிவந்து கோத்துக் கொடுப்பது என் தொழில். அவருடையதும் நான் கோத்ததுதான்.

தொழில் என்று சொல்கிறேனே தவிர, எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ரேடியோ ரிப்பேர், பிறகு டிவி ரிப்பேர், பிறகு இது. பாதி புத்தகத்தில் படித்தேன், மீதி ஜனங்கள் வாயிலிருந்து பொறுக்கினேன். ஒரு மில் பிட்டர் ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னது: "வாறவன் பூராம் மூளை எம்புட்டுப் பெரிசுன்னு கேக்கான். வயிறு எப்படின்னு ஒருத்தனாவது கேட்டானா?" ரொம்பச் சரி. கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் என்ன பிராசஸர், எத்தனை மெமரி, கலர் மானிட்டரா என்றெல்லாம் கேட்பார்கள். பவர் சப்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குமே அப்போது ஒரே வழிதான் தெரியும். கையில் தூக்கிப் பார்ப்பது. பஞ்சையும் நூலையும் தூக்கிப் பார்த்தே தரம் சொல்கிற ஊர் எங்களுடையது. அந்தப் பழக்கம் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. மதுரையில் வாங்கப் போனால் கடைக்காரர் நாலைந்தை எடுத்துப் போடுவார். நான் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து, கனமானதை எடுத்துக்கொள்வேன். உள்ளே செம்புச் சுருளும் அலுமினியமும் தாராளமாக இருந்தால் கனக்கும், மிச்சம் பிடித்திருந்தால் லேசாக இருக்கும் என்பது கணக்கு. தெலுங்கு பேசுகிற மில் கணக்கர் ஒருவர் என்னோடு மதுரைக்கு வந்திருந்தபோது, ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "பருவு லேது" என்று திரும்ப வைத்துவிட்டார். கனமே இல்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து மட்டமான சரக்குக்கெல்லாம் எங்களுக்குள் அதுதான் பெயர். மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த ஒருவர்கூட, "ஆளு நல்லாத்தான் இருக்காரு, ஆனா பருவு லேது" என்றார்.

பட்டாளத்தார் கொண்டுவந்தது நன்றாகக் கனத்தது. நானே தூக்கிப் பார்த்துப் போட்டது. நாலு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே கட்டைவிரல் பருமனில் நிற்கிற இரண்டு கெப்பாசிட்டர்கள் வாய் பிளந்து, கருகிய காகிதமும் பசையும் சுற்றிலும் அப்பியிருந்தன.

"எப்படிய்யா ஆச்சு இது?"

"நல்ல மழை தம்பி. வியாழக்கிழமை சாயங்காலம். ஊரே சந்தோசமா இருக்கு, இது மட்டும் டமார்னுச்சு."

"இடி விழுந்துச்சா?"

"இடி முழங்கையிலயே அந்தப் பிள்ளை எல்லாத்தையும் அணைச்சுப் பிளக்கைப் பிடுங்கிட்டா. மழை விட்ட பொறவுதான் போட்டா. போட்டதும் வெடிச்சிருச்சு."

பெட்டியைத் திருப்பினேன். அந்தக் காலத்துப் பவர் சப்ளைகளின் பின்னால், விசிறிக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் 230 என்று தெரியும், மறுபக்கம் தள்ளினால் 115. சில வெளிநாடுகளில் வீட்டுக்கு வருகிற கரண்டே பாதிதான், அவர்களுக்காக வைத்தது. நம் ஊரில் அதைத் தொடவே வேண்டியதில்லை. இதில் 115 தெரிந்தது.

"இதை யாருய்யா தள்ளினது?"

"நான்தான்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அந்த வீட்ல வேற யாருக்குத் தெரியும்?"

அதன்பிறகு அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

அவர் வீட்டுக்குப் பின்னால் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும். வயல் கிணறுகளின் மோட்டார்களுக்கும் அவர் தெருவுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். சாயங்காலம் மூன்று பேஸும் வந்து மோட்டார்கள் ஓடத் தொடங்கினால், வீட்டில் பல்பு பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரி ஆகிவிடும். டிவிக்கு ஒரு பூஸ்டர் வைத்திருந்தார்கள். முகப்பில் வோல்ட் காட்டுகிற முள், பக்கத்தில் திருகு. கரண்ட் குறைந்தால் திருகை ஏற்ற வேண்டும், கூடினால் மறக்காமல் இறக்க வேண்டும். அந்தத் தெருவில் டிவி உள்ள எல்லா வீட்டிலும் திருகுக்கு என்று ஓர் ஆள் உண்டு. பாட்டு பார்க்க மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அந்த ஆள் மட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவர் வீட்டில் அந்த டூட்டி இவருடையது.

அந்தப் பூஸ்டர் கம்ப்யூட்டரைத் தாங்காது என்று சொல்லி நேரடியாகச் சுவரில்தான் மாட்டியிருந்தோம். சாயங்காலமானால் மானிட்டர் அசையாமல் நிற்கும், பெட்டி மட்டும் செத்துச் செத்துப் பிழைக்கும். அடித்துக்கொண்டிருந்த பக்கம் போய்விடும். மருமகள் அழாத குறை. பெரியவர் பெட்டியின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். சிவப்புச் சுவிட்ச் கண்ணில் பட்டிருக்கிறது.

"பூஸ்டர் முள்ளு நூத்தி நாப்பதுல நிக்கி. இதுல ரெண்டே நம்பர். நூத்தி நாப்பதுக்குப் பக்கத்துல எது தம்பி இருக்கு? இருநூத்தி முப்பதா, நூத்திப் பதினஞ்சா? நீயே சொல்லு."

கையிலிருந்த பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

"கரண்ட்டு எம்புட்டு வருதோ அம்புட்டுக்குத் தள்ளி வச்சேன். அன்னையிலிருந்து பெட்டி ஒரு தடவை சாகலை. காலையில மேல இருநூத்தி முப்பதுக்குத் தள்ளிருவேன், சாயங்காலம் மோட்டார் போடுற நேரம் வந்ததும் அணைக்கச் சொல்லிக் கீழ தள்ளிருவேன். ஒரு நாள் தவறினதில்ல."

மழை பெய்த அன்றும் தவறவில்லை. வழக்கமான நேரத்துக்குக் கீழே தள்ளிவிட்டார். ஆனால் மழை பெய்த வயலுக்கு யார் தண்ணீர் இறைப்பார்கள்? ஒரு மோட்டாரும் ஓடவில்லை. அன்றைக்குத்தான் அந்தத் தெருவுக்குச் சாயங்காலக் கரண்ட் முழுசாக வந்தது. இடிக்குப் பயந்து பூஸ்டரையும் பிடுங்கி வைத்திருந்ததால் முள்ளைப் பார்க்கவும் வழியில்லை. பாதிக் கரண்டுக்கு வாயைத் திறந்துவைத்திருந்த பெட்டிக்குள் முழுக் கரண்டும் பாய்ந்துவிட்டது.

இதை நான் சொன்னதும் அவர் பெருமை எல்லாம் இறங்கிப்போய், கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அப்போ நான்தான் சுட்டிருக்கேன்" என்றார்.

"அதை விடுங்க. என்ன வேலை உள்ள இருந்துச்சு?"

ஒரு பள்ளிக்கூடத்தின் ஐம்பதாம் ஆண்டு மலர். ஆசிரியர்கள் கட்டுரை, பழைய மாணவர்கள் கவிதை, நன்கொடையாளர் பட்டியல் எல்லாம். இரண்டு மாத வேலை, பிழை திருத்தமும் முடிந்து திங்கட்கிழமை சிவகாசி அச்சகத்துக்குப் போக வேண்டும். பேசிக்கொண்டிருந்தது சனிக்கிழமை. முந்தின நாள் எனக்கு வார விடுமுறை. அவர் வந்து பூட்டிய கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். பிளாப்பியில் எடுத்து வைத்தது முதல் சில கட்டுரைகள் மட்டும். மீதியெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில். மலர் சரியாக வந்தால் பரீட்சைக் கேள்வித்தாள் வேலையெல்லாம் அந்தப் பெண்ணுக்கே தருவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். வராவிட்டால் எல்லாமே சிவகாசிக்குப் போய்விடும். போனால் அந்த முன்னறையில் அப்புறம் செய்ய என்ன இருக்கிறது?

"இருக்கா, வெந்து போச்சா?" என்று மறுபடி கேட்டார்.

"எழுத்து இங்க இல்லய்யா, உங்க வீட்ல இருக்கு. கரண்ட் குடுத்துப் பாத்தாத்தான் தெரியும். முழுப் பெட்டியையும் கொண்டாந்திருக்கலாமே?"

"அவ தர மாட்டேன்னுட்டா. பஸ்ல குலுங்கும்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. பழுதான பாகத்தை மட்டும் கழட்டு, மத்ததைத் தொடாதேன்னு பட்டாளத்துல சொல்லித் தந்தது. அதான் இதை மட்டும் கழட்டிட்டு வந்தேன்."

ஆகவே முதலில் வேறு பவர் சப்ளை. என்னிடம் மூன்று இருந்தன. ஒன்று, வெடித்ததன் அச்சு அசலான ஜோடி. இரண்டாவது அதைவிடப் பெரியது, ஒட்டியிருந்த சீட்டில் 250 வாட் என்று போட்டிருந்தது. மூன்றாவது, மில் ஆபீஸ் ஒன்றில் கழித்துப்போட்ட வெளிநாட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நான் எடுத்து வைத்தது. 150 வாட்தான். பின்னால் சிவப்புச் சுவிட்சே கிடையாது.

பட்டாளத்தார் மூன்றையும் தூக்கிப் பார்த்தார். எங்கள் பக்கத்து மனிதர் வேறென்ன செய்வார்?

"இது கனமா இருக்கு, நம்பரும் பெரிசு. இதையே போடு."

"வாட்டுங்கிறது அது எம்புட்டுச் சுமக்கும்ங்கிறதுய்யா. உங்க பெட்டியில ஒரு போர்டு, ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு பிளாப்பி. எல்லாம் சேர்ந்தாலும் நூறைத் தொடாது. உங்களுக்கு வேணுங்கிறது வேற. வர்ற கரண்ட் எம்புட்டு இறங்கினாலும் விழாம நிக்கணும்."

"பெரிசு நிக்காதா?"

"போட்டுப் பாப்போம்."

மோட்டார் ரிப்பேர் பட்டறையிலிருந்து வாங்கிய பழைய வேரியாக் ஒன்று என்னிடம் இருந்தது. உருண்டைப் பெட்டி, தலையில் ஒரு திருகு, வோல்ட் காட்ட ஒரு முள். திருகினால் கரண்ட் ஏறும், இறங்கும். ஒவ்வொரு பவர் சப்ளையையும் அதில் மாட்டி, சுமைக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும் ஜீப் ஹெட்லைட் பல்பும் கோத்தேன். திருகைப் பட்டாளத்தார் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கைக்குப் பழகின வேலை.

"இறக்கவா?"

"மெதுவா."

முதலாவது, முள் நூற்று அறுபதுக்கு வந்ததும் பல்பைக் கைவிட்டது. கனமான பெரியது, அதற்கும் கொஞ்சம் முன்னாலேயே. பட்டாளத்தார் அதைத் தட்டிப் பார்த்தார், ஏமாற்றமாக. மூன்றாவதை மாட்டினோம். நூற்று அறுபது, நூற்று நாற்பது, நூற்று இருபது. பல்பு கண் சிமிட்டாமல் எரிந்தது. நூறுக்குப் பக்கத்தில் போய்த்தான் அணைந்தது. பிறகு நான் திருகை வாங்கி இருநூற்று நாற்பது வரை ஏற்றிக் காட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. குறைந்தால் குறைந்ததற்குத் தக்கபடியும், கூடினால் கூடியதற்குத் தக்கபடியும் தானே சரிசெய்துகொள்கிற வகை அது. அப்போது கோத்துக் கொடுக்கிற பெட்டிகளில் அதெல்லாம் யாரும் போடமாட்டார்கள்.

"கோவேறு கழுதை" என்றார் பட்டாளத்தார் திடீரென்று.

"என்னய்யா?"

"நான் இருந்தது மலைக்கு மூட்டை கொண்டு போற பட்டாளம் தம்பி. கோவேறு கழுதைதான் எங்களுக்கு லாரி. புதுசா வந்த ஆபீசர் நல்லா ஓங்குதாங்கா இருக்கதாப் பாத்துப் பிடிச்சிட்டுப் போவாரு. மேல போனதும் அது சோளம் கேக்கும், கொள்ளு கேக்கும். அங்க ஏது? ரெண்டே நாள்ல படுத்துக்கிடும். இந்தா இப்படிச் சோனியா ஒண்ணு நிக்கும், முள்ளோ சருகோ கிடைச்சதைத் தின்னுட்டுப் பேசாம ஏறிப் போகும்." 150 வாட் பெட்டியைத் திரும்பவும் கையில் எடுத்து வைத்துப் பார்த்தார். "கனமில்லதான். போட்டும். இதையே போடு."

அன்றிலிருந்து நான் பவர் சப்ளை வாங்கப் போனால் தூக்கிப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. சீட்டில் உள்ளே வாங்குகிற வோல்ட் எதிலிருந்து எதுவரை என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். பெட்டி போகிற ஊரில் கரண்ட் எப்படி, பக்கத்தில் மோட்டார் உண்டா, விசைத்தறி உண்டா என்று வாடிக்கையாளரைக் கேட்பேன். மலையடிவாரத்து வத்திராயிருப்புக்காரர் ஒருவர், "கம்ப்யூட்டர் கேட்டு வந்தா எங்க ஊரு டிரான்ஸ்பார்மர் எங்க இருக்குன்னு கேக்குறீகளே, பொண்ணு கேட்டு வந்தவகளா நீங்க?" என்று சிரித்தார்.

கடையைப் பூட்டிவிட்டு நானே கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிற பஸ்ஸில் பட்டாளத்தார் பவர் சப்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பாதி வழியில் கேட்டார். "அவகிட்ட என்னன்னு சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்க."

"அது சரி" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு மழை எத்தனை நாளுக்குக் காணும்? பின்பக்கத்து வயல்களில் ஒன்றிரண்டு மோட்டார்கள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. வீட்டில் பல்பு மங்கித்தான் எரிந்தது. மருமகள் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுரைகளின் கையெழுத்துப் பிரதிகள் மடியில். ஒன்றும் இல்லாமல் போயிருந்தால் எதை முதலில் அடிப்பது என்று அடுக்கிக்கொண்டிருந்தாராம்.

"வாங்கண்ணே. எழுத்து இருக்குமாண்ணே?"

"பாத்துருவோம் தங்கச்சி."

இதையே கேட்க இனி மூன்றாவதாக ஓர் ஆள் வருவதுதான் பாக்கி. பவர் சப்ளையைப் பெட்டிக்குள் வைத்துத் திருகினேன். போர்டுக்குப் போகிற இரண்டு பிளக்குகளை மாட்டும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் போர்டு போய்விடும். இரண்டு தடவை பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று, பிளாப்பிக்கு ஒன்று. மூடியைப் போடாமலே எழுந்து நின்றேன்.

"ஐயா எங்க?"

வெளியே வாசற்படிக்குக் கீழே, சாலையில் நின்றுகொண்டிருந்தார். "நீங்க போடுங்க. நான் இங்கனயே நிக்கேன்."

"உள்ள வாங்க மாமா" என்றார் மருமகள். "வெடிச்சா மூணு பேருக்கும் சேத்து வெடிக்கட்டும்."

படியேறி வந்தார். சுவரை ஒட்டி நிமிர்ந்து நின்றார், ஆபீசர் முன்னால் நிற்பது மாதிரி.

"போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிருதேன். பின்னால இருந்த சுவிட்சைத் தினமும் தள்ளி வச்சது நான். அன்னைக்கும் நான்தான் தள்ளி வச்சேன். அதான் வெடிச்சிருக்கு."

மருமகள் அவரைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"சாயங்காலம் அணைக்கச் சொன்னது அதுக்குத்தானா? நான் அதுக்கு ஓய்வு குடுக்கச் சொல்லுதீகன்னு நெனச்சேன்." ஒரு மூச்சு விட்டார். "செத்த நேரம் பொறுங்க மாமா. எழுத்து இருக்கான்னு பாப்போம். சண்டையைப் பொறவு வச்சுக்கிடுவோம். அண்ணே, போடுங்க."

போட்டேன். விசிறி சுற்றியது. ஒரு கணம் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு மெமரி எண்கள் ஓடின. 'பீப்' என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் கர்ரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், ஆனால் சத்தம் வருவதும் எழுத்து இருப்பதும் வேறு வேறு. நகர்ந்து நாற்காலியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவர் பைலைத் திறந்தார். முதல் பக்கத்தில் தலைமையாசிரியரின் வாழ்த்துரை. அடுத்தது. அதற்கடுத்தது. விரல் பேஜ் டவுன் சாவியிலேயே இருந்தது. கடைசியில் நன்கொடையாளர் பட்டியல் வந்து, அதன் கடைசிப் பெயரும் வந்தது. வெளியே இன்னொரு மோட்டார் ஓடத் தொடங்கி, பல்பு இன்னும் கொஞ்சம் மங்கியது. பெட்டி அசையவில்லை.

"இருக்கு மாமா. பூராம் இருக்கு."

பட்டாளத்தார் சுவரை விட்டு நகரவில்லை. திரையை எட்டிப் பார்த்தார், கண்ணுக்குப் பிடிபடவில்லை போல.

"கண்ணாடிக்குள்ள இருந்தா நான் நம்ப மாட்டேன் தாயி. இன்னைக்கு இருக்கும், நாளைக்கு நான் எதையாவது தள்ளுவேன், போயிரும். காயிதத்துல கொண்டா. எல்லாத்தையும் கொண்டா."

"பூராத்தையுமா? இந்தக் கரண்ட்ல பிரிண்டர் நொண்டி நொண்டி அடிக்கும் மாமா, எம்புட்டு நேரமாகும் தெரியுமா?"

"ஆகட்டும்."

மருமகள் பிரிண்டரில் காகிதத்தை மாட்டி ஓட விட்டார். ஊசிகள் கிறீச் கிறீச்சென்று முதல் வரியை அடித்தன. ஓரத்தில் துளையிட்ட நீளக் காகிதம் மடிப்பு மடிப்பாக வெளியே வந்து, மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கியது. பட்டாளத்தார் தோளிலிருந்த துண்டை உதறி எடுத்தார். பிரிண்டருக்கு நேர்கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துண்டை மடியில் விரித்து, வருகிற காகிதம் தரையைத் தொடாதபடி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார்.